வலக் கன்னத்துத் தழும்பு

பிப்ரவரி 3, 1874, செவ்வாய்

சீமையிலிருந்து மரக்கட்டைகள் வந்து சேர்ந்தன. முப்பது கேட்டிருந்தோம், பத்தொன்பது அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் நான்கில் வெடிப்பு. கப்பலில் உப்புக்காற்று பட்டுவிட்டது என்று ப்ரெண்டன் துரை எனக்குச் சமாதானம் சொல்கிறார். அச்சுக்கூடத்து முதலாளி அவர்; வெடித்த கட்டையில் உளியைப் பிடிக்கப்போகிறவன் நான்.

கலைப்பள்ளியில் எங்களுக்கு மரச்செதுக்கு சொல்லிக்கொடுத்த நியூகாசில் துரை, எந்தக் கட்டையை என்று செதுக்கினாய் என்று அன்றன்றே எழுதி வை என்பார். பதினான்கு வருஷமாக எழுதுகிறேன். கட்டை விவரம் மட்டும் எழுதத்தான் தொடங்கினேன். போகப்போக, வாய்விட்டுச் சொல்ல முடியாததெல்லாம் இதிலேதான் வந்து விழுகிறது.

இன்று விழுவது பெரேரா. எங்கள் அச்சுக்கூடத்தில் படம் வரைபவர். சோப்புப் பெட்டிக்கு ஒரு மயில் வரைந்திருக்கிறார். பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்துவிட்டு அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். அந்தக் கோடுகளுக்கு நடுவே அகப்பட்ட ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்தையும் நான் உளி முனையால் தோண்டி எடுக்க வேண்டும். எண்ணூறு கட்டம் இருக்கும். மரத்தில் வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. இங்கிலாந்தில் இந்தத் தொழிலை உண்டாக்கியவர்கள் உளி இழுத்த ஒற்றை வெள்ளைக் கோட்டிலேயே ஒரு பறவையின் இறகு முழுவதையும் கொண்டுவந்தார்கள். பெரேராவுக்கு அதைச் சொன்னால், "செதுக்கறவன் செதுக்கு, வரையறவன் வரையறேன்" என்கிறார்.

பிப்ரவரி 9, திங்கள்

மயில் முடிந்தது. கண் எரிகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

கிளேட்டன் கம்பெனியின் பஞ்சுக் கிடங்கு போன வாரம் எரிந்தது ஊருக்கே தெரியும். காவல்காரர் ஒருவர் உள்ளே அகப்பட்டு இறந்துபோனார். தீ வைத்தவன் வீரபத்திரன் என்கிறார்களாம். பஞ்சு அழுத்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தவன், பத்து நாள் முன்பு விரட்டப்பட்டவன். ஆள் இப்போது ஊரில் இல்லை. அவனைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி முகத்தோடு ஓர் அறிவிப்பு அச்சிட வேண்டும், சனிக்கிழமைக்குள் இருநூறு வேண்டும் என்று கம்பெனி மானேஜர் வந்து நிற்கிறார்.

அவனுக்குப் போட்டோகிராப் ஏது? அவனோடு வேலை செய்த இரண்டு கூலிக்காரர்களை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு, பெரேரா காகிதத்தில் ஒரு முகம் வரைந்தார். இரும்புப் பட்டை அறுந்து அடித்த தழும்பு கன்னத்தில் நீளமாக. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார், குறுக்குக் கோடு இல்லாமல்.

அறிவிப்பின் வாசகத்தை மானேஜர் தானே சொல்லி எழுத வைத்தார். "கன்னத்தில் தழும்பு உடையவன்." எந்தக் கன்னம் என்று எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கேட்டதற்கு, அதுதான் படத்தில் தெரியுமே என்றாராம்.

பிப்ரவரி 13, வெள்ளி

பெரேரா வரவில்லை, காய்ச்சல். துரை காலையிலிருந்து மூன்று தடவை என் மேஜைக்கு வந்துவிட்டார். நின்று பார்த்தால் கட்டை தானாகச் செதுக்கிக்கொள்ளுமா? படம் மரத்தில் ஏற்றப்பட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முகம் முடிந்தது.

பிப்ரவரி 14, சனி

இருநூறும் அச்சாகிப் போயின. தழும்பு உயிரோடு இருப்பது மாதிரி விழுந்திருக்கிறது. மானேஜர் பார்த்துவிட்டு, இவன்தான், இவனேதான் என்றார்.

பிப்ரவரி 21, சனி

மாடியில் என் பெண்சாதி தனபாக்கியம் வடாம் காயப்போட்டிருக்கிறாள். காக்கை விரட்ட என்னைக் கூப்பிடுகிறாள். வாரம் ஆறு நாள் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்திருப்பவனுக்கு ஏழாவது நாள் காக்கை. இன்று சனிதான், ஆனாலும் சொல்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

ஆள் அகப்பட்டுவிட்டான். திருவள்ளூர் ஸ்டேஷனில் நேற்று. ரயிலுக்குக் காத்திருந்தவனைப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து ஜனங்களே பிடித்துக் கட்டிப்போட்டார்களாம். மூக்குப்பொடி விற்கிறவனாக வேஷம் போட்டுக்கொண்டிருந்தானாம்.

துரை எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ராஜதானியில் மரப்படம் ஒன்று கொலைகாரனைப் பிடித்தது இதுதான் முதல் தடவை என்றார். தெருவில் இரண்டு பேர் நிறுத்தி விசாரித்தார்கள். தனபாக்கியம் கேசரி கிளறினாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக என் தொழில் என்னவென்று என் மாமனாருக்குப் புரிந்திருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

எவ்வளவு துணிச்சல் அந்தப் பெண்பிள்ளைக்கு!

பகல் சாப்பாட்டு நேரத்தில் நேராக என் மேஜைக்கு வந்துவிட்டாள். வாசல் சேவகன் எதற்கு இருக்கிறான் என்று தெரியவில்லை. பெயர் எத்திராஜம்மாள், காஞ்சிபுரம் பக்கம். பிடிபட்டவனின் பெண்சாதி. அவன் பெயர் வீரபத்திரன் இல்லையாம், ஏகாம்பரமாம். உண்மையாகவே பொடி வியாபாரமாம். பிள்ளைப் பிராயத்தில் அரிவாள்மணை மேல் விழுந்த தழும்பாம். மடித்து மடித்துக் கிழிந்துபோன அறிவிப்பை என் மேஜையில் விரித்தாள்.

"இத செஞ்சது யாரு?"

நான்தான் என்றேன்.

"எங்க வூட்டுக்காரர நீ எங்க பாத்த, பத்தரே?"

நான் யாரையும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை, கம்பெனிக்காரர்கள் சொன்ன அடையாளத்தைச் செதுக்கினேன் என்று சொன்னேன்.

"அவங்க எடக் கன்னம்னா சொன்னாங்க? அந்த ஆளுக்கும் எடக் கன்னந்தானா? அத மட்டும் சொல்லு."

வழக்கு கோர்ட்டில் இருக்கிறது, கேட்க வேண்டியதை அங்கே போய்க் கேள் என்றேன். கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே போய் எதிர்ச் சாரியில் உட்கார்ந்தாள். நான் வேலை முடித்துக் கிளம்பும்போதும் உட்கார்ந்திருந்தாள். திருடன் பெண்சாதி எவள்தான் என் புருஷன் திருடன் என்பாள்? நாளைக்குக் கட்டிடம் இடிந்தால் செங்கல் அறுத்தவனைக் கேட்பார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நானே அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டுக் குளித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பெரேராவின் கவனக்குறைவால் எனக்கு வந்த கேடு இது.

எதிரே நிற்பவனின் வலக் கன்னம் நமக்கு இடப்பக்கம் தெரியும். காகிதத்தில் இடப்பக்கம் இருப்பதை மரத்தில் வலப்பக்கம் ஏற்ற வேண்டும். அச்சில் விழும்போது அது திரும்பவும் இடப்பக்கம் வந்துவிடும். மையிட்டு அழுத்துகிற எதுவும் இப்படித்தான் புரளும். இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அச்சான அறிவிப்பை இன்று எடுத்துப் பார்த்தேன். அதில் தழும்பு நமக்கு வலப்பக்கம் இருக்கிறது. அதாவது அந்த ஆளின் இடக் கன்னத்தில்.

பெரேராவிடம் போய்க் கேட்டேன். கேட்டதில் கொஞ்சம் சத்தமும் இருந்திருக்கலாம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்.

"நான் காகிதத்துல வலது கன்னந்தான் போட்டேன், மாசிலாமணி. அந்தக் கூலிக்காரங்க ரெண்டு பேரும் தொட்டே காமிச்சாங்க. வெள்ளிக்கெழமை நான் ஜொரத்துல கெடந்தேன். மரத்துல ஏத்துனது யாரு?"

அந்த அவசரத்தில் யார் ஏற்றினார்கள், யார் மையிட்டார்கள் என்றெல்லாம் ஒவ்வொன்றாக யார் நினைவு வைத்திருப்பார்கள்? அவர் வரைந்தது சரி என்றால் அந்தக் காகிதத்தைக் காட்டட்டும் என்றேன். உன் மேஜை இழுப்பறையில்தானே இருந்தது என்கிறார்.

மார்ச் 11, புதன்

இழுப்பறையில் காகிதம் இல்லை. எல்லோர் முன்னாலும் திறந்து காட்டினேன். பெரேரா எதையும் பத்திரமாக வைக்கிற ஆள் இல்லை.

அந்தப் பெண்பிள்ளை இன்றும் எதிர்ச் சாரியில்.

மார்ச் 14, சனி

தனபாக்கியம் என்னவோ சொல்கிறாள். திங்கட்கிழமை நான் அடுப்பில் போட்ட காகிதத்தில் ஒரு மூஞ்சி இருந்ததாம். "நல்லா வரஞ்ச படமாச்சே, ஏன் கொளுத்துனீங்க?" என்கிறாள். பெண்களுக்கு அடுப்படியில் ஆயிரம் தோன்றும். அச்சுக்கூடத்திலிருந்து நான் கொண்டுவராத பழைய காகிதமா? குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னேன். இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனேன். என் படம் பேசப்படுகிற இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

ஏகாம்பரம் என்கிற ஆளைப் பார்த்தேன். குட்டையான மனிதர். பெரேரா வரைந்தது நீண்ட முகம், இவருக்கு வட்ட முகம். மூக்கும் வேறு. தழும்பைத் தவிர ஒன்றுமே இல்லை. யாருக்கும் இது தெரியவில்லையா? காய்ச்சல் கண்டிருந்தது போலிருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கம்பெனி மானேஜர் சாட்சிக் கூண்டில் ஏறி வேத புத்தகத்தைத் தொட்டார். இரண்டு வருஷம் தினமும் பார்த்த முகம் என்றார். தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இடக் கன்னம், சந்தேகமே இல்லை, இரும்புப் பட்டை அறுந்த அன்று நான் அங்கேயே நின்றேன் என்றார்.

பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக அவர் ஆபீஸ் சுவரில் என் படம் தொங்குகிறது. தினம் அதைப் பார்த்துப் பார்த்து அந்தக் கூலிக்காரனுடைய உண்மையான முகம் அவருக்கு மறந்தே போயிருக்கிறது. அல்லது முன்பும் அவர் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷம் எதிரே நின்றவனை ஏறெடுத்துப் பாராதவர், ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சத்தியம் பண்ணுகிறார். அந்த இரண்டு கூலிக்காரர்களும் இப்போது கம்பெனியின் புதுக் கிடங்கில் வேலையில் இருக்கிறார்கள். மானேஜர் சொன்னதையே சொன்னார்கள். ஒருவன் சொல்லும்போது தரையைப் பார்த்தான்.

ஒரு சாட்சி மனிதனைப் பார்த்துப் படத்தைச் சரிபார்ப்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே படத்தைப் பார்த்து மனிதனைச் செய்கிறார்கள். வக்கீல் வைக்க வழியில்லாத ஆளைத் தூக்குக்கு அனுப்ப இவ்வளவு போதுமா?

மார்ச் 18, புதன்

துரையிடம் சொன்னேன். படம் புரண்டு விழுந்துவிட்டது, தழும்பு பக்கம் மாறிவிட்டது, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும் என்றேன். எப்படிப் புரண்டது என்று அவர் கேட்கவில்லை. கிளேட்டன் கம்பெனி நம்முடைய பெரிய வாடிக்கை, வேலையைப் பார் என்றார்.

பகலில் கட்டையைத் தேடினேன். கட்டையைப் பார்த்தால் எவனுக்கும் விளங்கிவிடும், தழும்பு எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது என்று. மர அறையில் அது இருந்தது. ஆனால் முகம் இல்லை. சாப்பாட்டு வேளைக்குள் தச்சனை விட்டு இழைத்துவிட்டார்கள். மழமழவென்று புதுக் கட்டை மாதிரி இருக்கிறது. சீமை மரம் விலை அதிகம், வீணாக்கக் கூடாதாம். வெடித்த நான்கு கட்டைகள் ஒரு மாதமாக மூலையில் கிடக்கின்றன. அவற்றைத் தொடவில்லை. இது ஒன்று மட்டும் இன்றைக்கே வீணாகிறதாம்!

ஒரு மனிதனின் உயிருக்கு இருந்த சாட்சியை இழைப்புளியால் சீவித் தள்ளிவிட்டு, சுருள்களைக் கூட்டி வாரச் சொல்கிறார்கள். மாலை வரை நான் உளியைத் தொடவில்லை. இப்படிச் சாட்சியை அழிக்கிறவர்களுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வருகிறது?

மார்ச் 19, வியாழன்

நேற்று எழுதிய கடைசி வரியைக் காலையில் படித்தேன். வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மரத்தில் ஏற்றியது நான்தான். பெரேரா இல்லை. காகிதத்தைப் புரட்டாமல் அப்படியே ஏற்றினேன்.

மார்ச் 23, திங்கள்

எத்திராஜம்மாளைத் தேடிக்கொண்டு போனேன். அச்சுக்கூடத்து எதிரில் அவள் இப்போது உட்காருவதில்லை. ஜெயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தாள். உள்ளே அனுப்பக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். வாங்க மாட்டேன் என்கிறார்களாம். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

நின்றபடியே சொன்னேன். அந்த ஆளுக்குத் தழும்பு வலக் கன்னத்தில், இடக் கன்னத்துக்கு வந்தது என்னால், வேண்டுமென்று செய்யவில்லை. அவசரம், துரை வந்து வந்து நின்றார், பெரேராவுக்குக் காய்ச்சல். இதையெல்லாம் ஏன் அடுக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கஞ்சிப் பாத்திரத்தை மூடினாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. அங்க வந்து சொல்லு."

வருவதாகச் சொன்னேன்.

"அவரு எட்டு நாளா ஜொரம். சீக்கிரம் வா."

வீட்டுக்கு வந்து தனபாக்கியத்திடம் வேலை போய்விடும் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காயிதத்தையும் சேத்துச் சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 27, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

சாட்சிக் கூண்டில் என்னை ஏற்றவே பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஆயிற்று. யார் கூப்பிட்ட சாட்சி என்று கேட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, நானே வந்தேன் என்றேன். அப்படி வரக் கூடாது என்றார் குமாஸ்தா. எத்திராஜம்மாள் எழுந்து, நான் கூப்பிட்டேன் என்றாள். மாஜிஸ்திரேட் ஏற்றச் சொன்னார். வெள்ளைக்காரர், வயதானவர், அடிக்கடி கடிகாரம் பார்ப்பவர். நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சொன்னார். என்னுடைய ஐந்து வாக்கியம் அவர் வாயில் ஒன்றாகிவிட்டது. மரம், மை, புரட்டுவது எதுவும் மாஜிஸ்திரேட்டுக்கு விளங்கவில்லை. படம் படம்தானே, அது எப்படிப் பக்கம் மாறும் என்றார்.

அவர் மேஜையில் கோர்ட் முத்திரை இருந்தது. பித்தளை, மரப் பிடி போட்டது. அதை எடுத்து அடிப்பக்கம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். துணிச்சல்தான். அவர் எடுத்துப் பார்த்தார். இருபது வருஷமாகத் தினம் அழுத்துகிற முத்திரையை முதல் தடவையாகத் திருப்பிப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருந்தது. காகிதத்தில் ஒரு தடவை அழுத்தினார். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். நம்மவர்தான், தமிழிலேயே கேட்டார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"பதினாலு."

"பதினாலு வருஷம் செஞ்சும் வலது இடது தெரியாதா உமக்கு?"

"தெரியும். அன்னிக்குத் தப்பாச் செஞ்சேன்."

சிரித்தார்கள். பின்னால் நின்ற துரையும் கம்பாசிட்டரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பட்டணத்தில் என்னைவிட நன்றாக முகம் வெட்டுகிறவன் இல்லை என்று நான் சொல்லித் திரிந்தது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கட்டை எங்கே என்றார் வக்கீல். இழைத்துவிட்டார்கள் என்றேன். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரேரா வரைந்த மூலக் காகிதம் எங்கே என்றார் வக்கீல். மறுபடி கேட்டார்.

"கொளுத்திட்டேன்."

"யாரு?"

"நான்தான். இந்தம்மா வந்து கேட்ட அன்னிக்கே. வீட்டு அடுப்புல."

"எதுக்கு?"

"பயம்."

மொழிபெயர்ப்பாளர் இதை மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார். எத்திராஜம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

ஆக, காகிதமும் இல்லை, கட்டையும் இல்லை, தன் பிழையைத் தானே மறைத்தவன் பேச்சு ஒன்றுதான் இருக்கிறது என்று வக்கீல் உட்கார்ந்தார். அவர் சொன்னது நியாயம்தான். அப்போது பெரேரா முன்னால் வந்தார். நான் அவரை அழைக்கவில்லை. எந்த முகத்தோடு அழைப்பேன்? கூலிக்காரர்கள் வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டியதையும், தான் அதைத்தான் வரைந்ததையும் சொல்லிவிட்டு, அந்த இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுத் தொட்டுக் காட்டச் சொல்லும்படி கேட்டார்.

ஒருவன் இடக் கன்னத்தைத் தொட்டான். அன்று தரையைப் பார்த்தானே, அவன் இன்று ஏகாம்பரத்தைப் பார்த்தான். பிறகு வலக் கன்னத்தைத் தொட்டான். பட்டை அறுந்த அன்று வீரபத்திரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதே தான்தான் என்றான்.

தையல் போட்ட ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வரவழைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். அது வரும் வரை ஏகாம்பரம் உள்ளேதான் இருக்க வேண்டுமாம். பதிவேடு இருக்கும் இடம் ஒரு மைல்கூட இல்லை. நான் நடந்து போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். இறங்கச் சொன்னார்கள்.

மார்ச் 28, சனி

என்னை விலக்கிவிட்டார்கள். அச்சுக்கூடத்தின் பெயரைக் கோர்ட்டில் கெடுத்தேனாம். என் உளிகளை எடுக்கப் போனபோது வாசல் சேவகன் என்னைத் தடுத்தான். எத்திராஜம்மாளைத் தடுக்கத் தெரியாதவன்.

பெரேரா உள்ளே போய் உளிகளை எடுத்துக்கொண்டு வந்து தந்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "குறுக்குக் கோடு போட்டதுக்கு நான் கேக்கறேன், இதுக்கு நீ கேளு, சரியாப் போச்சு" என்றார். சரியாகப் போகவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 8, புதன்

பதிவேடு இன்னும் வரவில்லை. பன்னிரண்டு நாள்! கொலைக் குற்றம் சுமத்த ஒரே ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது.

அண்ணன் கடையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறேன். இதில் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பதிவேடு வந்தது. வலக் கன்னம், ஒன்பது தையல். ஏகாம்பரத்தை விட்டுவிட்டார்கள். மானேஜர், தவறு யாருக்கும் நேரக்கூடியது என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். நாற்பது நாள் சிறையில் இருந்தவரிடம் ஒரு சொல் பேசவில்லை. ஏகாம்பரத்தின் பொடிப் பெட்டியைத் திருவள்ளூரில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவர் என்னைத் தாண்டித்தான் போனார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. எத்திராஜம்மாளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

எத்திராஜம்மாள் அண்ணன் கடைக்கு வந்தாள். விடுதலையான எட்டு நாளில் ஏகாம்பரத்தை இரண்டு இடத்தில் பிடித்து நிறுத்திவிட்டார்களாம். ஆவடியில் ஒருவன் கல்லால் அடித்திருக்கிறான். "வெளிய வந்தும் இன்னா பத்தரே, மூஞ்சி செவுத்துலயே கீதே" என்றாள்.

நேரே கிளேட்டன் கம்பெனிக்குப் போனேன். அறிவிப்பை எடுக்க மாட்டார்களாம். உண்மையான வீரபத்திரன் இன்னும் அகப்படவில்லையே, அதனால் அறிவிப்பு செல்லும் என்கிறார் தலைமைக் குமாஸ்தா. படம் அவன் இல்லையே ஐயா, கோர்ட்டே சொல்லிவிட்டதே என்றேன். புதுப் படம் போடும் வரை இது இருக்கட்டும் என்றார். இல்லாத ஆளைத் தேடுகிறார்கள், அகப்படுகிறவன் எவனாயிருந்தாலும் சரி!

ஏப்ரல் 26, ஞாயிறு

இருநூறு அச்சிட்டோம். ராயபுரம், பெரம்பூர், ஆவடி எல்லாம் சேர்த்து இதுவரை ஐம்பத்தெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பசை போட்டவன் வேலையில் நாணயஸ்தன். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தகடு கொண்டு சீவ வேண்டியிருக்கிறது.

இன்று திருவள்ளூர். ஏகாம்பரம் என்னோடு வந்தார். எத்திராஜம்மாள் அனுப்பினாள். நான் யார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ரயிலில் துண்டை முக்காடு மாதிரி போட்டுக் கன்னத்தை மறைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷன் சுவரில் நான்கு இருந்தன. முதலாவதில் தகட்டை வைத்ததும் போர்ட்டர் ஓடி வந்தான். கம்பெனி நோட்டீஸ், கிழிக்க உமக்கு என்ன அதிகாரம் என்றான். கூட்டம் கூடியது. இதைச் செதுக்கினவன் நான்தான், இது தப்பான படம் என்று கத்தினேன். இரண்டு மாதமாக இந்த ஊரில் ஒருவர்கூட இந்தப் படத்தை உற்றுப் பார்க்கவில்லையா, நீண்ட முகத்துக்கும் வட்ட முகத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று இன்னும் என்னென்னவோ கத்தினேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்பது பாதியில் உறைத்தது. நிறுத்திவிட்டேன்.

ஏகாம்பரம் இதற்குள் சுவரருகே போயிருந்தார். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். பிடித்த அன்று யாரும் காட்டவில்லையாம்.

"இது யாரு, பத்தரே? அந்த வீரபத்திரனா?"

"இல்லீங்க. அவனுக்கு வலது பக்கம்."

"நானா?"

"நீங்களும் இல்ல."

"அப்ப யாரு?"

"யாரும் இல்லீங்க."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆளே இல்லாத மூஞ்சிக்கா நாப்பது நாள் உள்ள கெடந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு கன்னத்தை மூடியிருந்த துண்டை உருவி, என் தண்ணீர்ச் செம்பில் முக்கிப் பிழியாமலே எடுத்து, சுவரில் இருந்த முகத்தை மேலிருந்து கீழாக நனைக்க ஆரம்பித்தார். கூட்டம் அவர் தழும்பைப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. ஊறின இடத்தில் நான் தகட்டை வைத்தேன். போர்ட்டர் எங்களைத் தடுக்கவில்லை.